இன்ஜின் சத்தம்

— அஞ்சம்மா, வாயில இருக்கிற துணிய எடு. பிரம்மதேசத்து மாப்பிள்ள ஊட்டுக்காரங்க போய்ட்டாங்க.

— மொதல்ல அந்த இன்ஜின நிறுத்துங்க. தலைக்குள்ளயே ஓடுது.

— தோ, நிறுத்திட்டேன். இந்தா, தண்ணி குடி. எல்லாரையும் திண்டிவனம் பஸ்ஸு ஏத்திட்டுத்தான் வர்றேன். பொண்ணு புடிச்சிருக்குன்னு மாப்பிள்ளயோட அம்மாவே வாயால சொல்லிட்டாங்க! நம்ம செண்பகத்துக்குக் கல்யாணம்டி!

— க்கும். பொண்ணோட ஆத்தா எங்கன்னு கேக்கலியா?

— கேட்டாங்க. பனமலையில அம்மா ஊட்டுக்குப் போயிருக்கான்னேன்.

— எங்கம்மா செத்து எத்தினி வருசமாச்சி! பொய்யாவது பாத்துச் சொல்லக் கூடாதா?

— இன்னா பண்ணச் சொல்ற? ஆத்தாளுக்கு மாருல கேன்சருன்னா, பொண்ணுக்கும் வரும்னு எழுந்து பூடுவாங்க. அதான் மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாயுதுன்னு சொல்லி இன்ஜின ஓட வுட்டேன். நீ கத்தினாலும் கேக்காதுல்ல.

— எங்க கேக்குது? எனக்கே கேக்கல.

— காலையில மாத்திரைய சேத்து சேத்துக் குடுத்தேனே, அடங்கலியா?

— வலிய நல்லா ஏற வுட்டுட்டு ஒரேடியா குடுத்தா எப்படி அடங்கும்? வலி வர்றதுக்கு முன்னாடியே வேளா வேளைக்குக் குடுன்னுதான விழுப்புரம் டாக்டரு சொன்னாரு? நேத்து கெஞ்சினேன். பல்லக் கடிச்சிக்கோன்னீங்க.

— இன்னிக்கிச் சத்தம் வரக்கூடாதுன்னுதான் மிச்சம் புடிச்சேன்... வெக்கமா இருக்குது அஞ்சம்மா. கட்டினவள மாட்டுக் கொட்டாயில ஒளிச்சி வெச்சிட்டு, அங்க சிரிச்சிக்கினு காபி குடிச்சேன். மனுசனா நானு?

— அழுவாதீங்க. பொண்ணு காதுல வுழும்.

— யாருக்கும் தெரியல. அதுவரைக்கும் சாமி காப்பாத்திச்சி.

— மாப்பிள்ளயோட அம்மா கை கழுவ பின்னால வந்தாங்களே, எங்க நின்னாங்கன்னு நெனச்சீங்க?

— ஐயையோ! இங்கயா?

— இங்கதான். நம்ம பொண்ணு பட்டுப் பொடவையோட ஓடியாந்து என் புண்ணுக்குக் கட்டு மாத்திக்கினு இருந்திச்சி. பின்னாலயே நின்னு பாத்துட்டாங்க. அவங்களே வாயிலேர்ந்து துணிய உருவி, தண்ணி குடுத்தாங்க. அவங்க போறப்ப நாந்தான் திரும்ப வெச்சிக்கினேன்.

— பேஜாரா பூடுச்சே! பாத்துட்டும் எப்படிப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க?

— பொண்ண அனுப்பிட்டு, என் கைய எடுத்து அவங்க மாருல வெச்சாங்க. கட்டி. கல்லாட்டம் இருக்குது. ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லலன்னு என் காதுகிட்ட வந்து சொன்னாங்க.

— அடக் கடவுளே... இன்னா சொன்னாங்க?

— 'எங்கூட்டுக்காரரும் இப்படித்தான் என்ன ஒளிச்சி வெப்பாரு. அன்னிக்கி எங்கிட்ட வர்றதுக்கு உம்பொண்ணு வேணும்'னாங்க.