பொன்னாடைக்கு ஒரு அக்கா

— பாருங்கோ மலரக்கா, ஹரோவில இருந்து மோர்டனுக்கு இதைக் கேக்கத்தான் வந்தனான். அவுஸ்திரேலியாவில அமைச்சரா இருக்கிற உங்கட தம்பி யோகலிங்கம் எங்கட லண்டன் சங்கத்து மேடைக்கு வாறார். பொன்னாடை போர்க்கக் கூடப்பிறந்த அக்கா இருக்கேக்க வேற ஆளைத் தேடுறதே?

— தேத்தண்ணி ஆறுது, குலசேகரம்.

— குடிக்கிறன், குடிக்கிறன். அறிமுகம் செய்யிறது நான்தான், கேளுங்கோவன். மெல்பேர்னில டாக்ஸி ஓடிப் படிச்சவர். கவுன்சிலரா வந்து, பாராளுமன்றம் போய், குடிவரவு அமைச்சர். இப்ப வர்த்தக அமைச்சர். சும்மா கதையே அக்கா!

— ம். கெட்டிக்காரன்.

— ஏன் இப்பிடி மரக்கட்டை மாதிரி இருக்கிறியள்? தம்பியோட கோவமோ?

— கோவமும் இல்லை. எனக்கு இப்ப ஒண்டும் வாறேல்லை.

— மகன் நிர்மலன் கடலில போனதில இருந்து நீங்கள் ஒரு கலியாணவீட்டுக்கும் வாறேல்லை. விளங்குது. அதுக்குத் தம்பி என்ன செய்வார்?

— நிர்மலன் ஊரில இருந்து அவுஸ்திரேலியாவுக்கு ரெண்டு தரம் வள்ளம் ஏறினவன். அவனுக்கு வயது பதினெட்டைத் தாண்டிப்போச்செண்டு என்னால இங்க கூப்பிட ஏலாமப் போச்சு. முதல் தரம் அவுஸ்திரேலியா நேவி மறிச்சுத் திருப்பி அனுப்பினது. ரெண்டாந்தரந்தான் வள்ளம் மூழ்கினது.

— முதல் தரம் எப்ப?

— தம்பி குடிவரவு அமைச்சரா இருக்கேக்க.

— ஐயோ! சொந்த மருமகனையோ? தெரிஞ்சுகொண்டோ?

— தம்பிக்குத் தெரியாது. வாற வள்ளமெல்லாம் திருப்பச் சொன்னவன். உள்ளுக்க ஆர் இருந்ததெண்டு பார்த்தானே? இண்டைக்கும் தெரியாது.

— நீங்கள் சொல்லேல்லையோ?

— சொல்லி? பிள்ளை வரப்போறானே?

— கடவுளே... வேண்டாம் அக்கா. நான் வேற ஆரையும் பிடிக்கிறன்.

— இல்லை, வாறன். போர்க்கிறன். அவன் என்ரை தம்பி.

— மேடையில ஒண்டும் சொல்லிப்போட மாட்டியள்தானே?

— சொல்லமாட்டன். பயப்பிடாதையுங்கோ.

— எனக்கொண்டு விளங்கேல்லை அக்கா. அங்க சொந்தக்காரர் இருக்கினமோ எண்டு நேவிக்காரர் கேட்டிருப்பினமே. மாமாவின்ரை பேரைச் சொல்லியிருந்தா திருப்பி அனுப்பாம விசாரிச்சிருப்பினம். பெடியன் ஏன் வாய் திறக்கேல்லை?

— நானும் பிறகு போனில அதைத்தான் கேட்டனான். "மாமாவுக்கு எலெக்சன் வருதெல்லோ அம்மா" எண்டவன்.