ஸ்டாப் லீவரைப் பிடித்திருந்தவர்

என் பெயர் சுகன்யா, வயது 29, கணவர் பெயர் சிவபிரகாஷ். பரமத்தி வேலூர் வட்டம், கொமராக்காட்டில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். எங்களுக்குக் கனிஷ்கா என்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். யாரும் அழைத்து வராமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகவே காவல் நிலையத்திற்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இவ்வழக்கில் அடிபட்டுச் சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கும் தீர்த்தகிரி என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். புகார் கொடுத்திருக்கும் பிரபா அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். இரண்டு குடும்பமும் ஒரே காட்டில் அடுத்தடுத்த வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய லாரி உண்டு. கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுவதுதான் தொழில், இரண்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது.

பத்து நாட்களுக்கு முன் வண்டி ஏற்றத்தில் இழுக்காமல் வெள்ளைப் புகை கக்கியது. ஒரு நாசில் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று என் கணவர் சொன்னார். டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கும் விரல் நீளச் சாமான் அது. பழையதைக் கழற்றப் போனால் கரி பிடித்து இறுகிக் கிடந்தது. பட்டறையில் கேட்டதற்கு, எஞ்சின் ஹெட்டையே தூக்க வேண்டும், வேலை வரிசையில் இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டு வா என்றார்கள். திங்கட்கிழமை காலை வண்டி லோடுக்கு நிற்காவிட்டால் வேறு வண்டியை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகத் தீவன மில்லில் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டு வாசலிலேயே கழற்றுவது என்று என் கணவர் இறங்கினார்.

அதன் பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், அசையவில்லை. சுத்தியால் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. அதன் பிறகு ஒரு போல்ட்டை அதன் தலையில் வெல்டிங் வைத்து இழுத்தார், போல்ட் ஒடிந்து கையைக் கிழித்ததே தவிர நாசில் வரவில்லை. அந்த நாட்களில் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழந்தை பக்கத்தில் போனால் எரிந்து விழுந்தார். எனக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் அண்ணன் தம்பிக்கு வாய்த்தகராறு ஆனது உண்மை. வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லவும், “இந்த வண்டிக்குக் குறுக்க வந்தீன்னா அண்ணன்னு பாக்க மாட்டேன், மேல ஏத்திட்டுப் போயிருவேன்” என்று என் கணவர் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அந்த வாய்தான் இன்றைக்கு அவரை உள்ளே தள்ளியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி வழி என்று லாரிக்காரர்கள் செய்யும் ஒன்றைச் செய்யலாம் என்றார். நாசிலைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, சாவியைத் திருகி செல்ப் அடித்து எஞ்சினைச் சுற்றவிட்டால், உள்ளே அழுந்தும் காற்றே அதை வெளியே தள்ளிவிடும். எங்கள் வண்டியில் எஞ்சின் கேபினுக்குள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாசில் தெறித்து முகத்தில் அடிக்காமல் இருக்க ஒருவர் மேலே நனைந்த சாக்கை மடித்து அழுத்திக்கொள்ள வேண்டும், இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். கிளீனர் இல்லாததால் என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது.

அந்தச் சமயத்தில் அண்ணன் வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நானும் நினைத்தேன். அவர் கேபினுக்குள் எட்டிப் பார்த்து, “இன்னும் அசையலயாடா?” என்றார். அதன் பிறகு அவர், “கேபிளு இல்லாம செல்ப் அடிச்சா எஞ்சின் புடிச்சுக்கும். நா கீழ லீவரப் புடிச்சுக்கறேன், நீ மேல பாரு” என்றார். என்னைப் பார்த்து, “பதனமா பாத்து அடி சாமி” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கும் போலீஸ் அம்மா சொல்கிறார், எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வண்டி சாவியைத் திருப்பினால் அணையாது. டீசல் பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவரை இழுத்தால்தான் அணையும். அந்த லீவருக்கு வரும் கேபிள் அறுந்து ரொம்ப நாளாயிற்று. என் கணவர் ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்து, கியரில் போட்டு, கிளட்சை விட்டுத்தான் வண்டியை அணைப்பார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். வண்டியை அணைக்க நான் பார்த்த ஒரே வழி அதுதான்.

அதன் பிறகு தீர்த்தகிரி மாமா கிளீனர் பக்க முன் சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு லீவரை இழுத்துப் பிடித்தார். டீசல் ஒழுகி வழுக்குகிறது என்று தோளில் கிடந்த துண்டை லீவரில் சுற்றிக்கொண்டார். டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால் அவர் எனக்குத் தெரியமாட்டார். வாசல் பின்பக்கம் சரிவு என்பதால் பின் சக்கரங்களுக்குப் பின்னால் மட்டும் கல் வைத்திருந்தோம்.

என் கணவர் சாக்கை அழுத்திக்கொண்டு “அடி” என்றார். நான் சாவியைத் திருகினேன். எஞ்சின் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம், நாசில் சாக்கைத் தூக்கி எறிந்து வெளியே தெறித்தது, கேபின் முழுக்கப் புகை. அந்தச் சத்தத்தில் மாமாவின் கை லீவரை விட்டு விலகியிருக்க வேண்டும். நான் சாவியை விடாமல் பிடித்திருந்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டு அலறியது. என் கணவர், “அணை, அணை” என்று கத்தினார்.

நான் அவர் எப்போதும் செய்வதைச் செய்தேன். பிரேக்கை மிதித்து, கியரைத் தள்ளி, கிளட்சை விட்டேன். நாள் கணக்கில் நின்ற வண்டியின் பிரேக்கில் ஏர் இருக்காது, ஏர் இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது. அவர் போடுவது டாப் கியர் என்பதும், என் கைக்கு விழுந்தது முதல் கியர் என்பதும் பிறகுதான் தெரியும். வண்டி அணையவில்லை, முன்னால் பாய்ந்தது. சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது எனக்கு இருக்கையில் தெரிந்தது. அதன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் முட்டி அணைந்தது. நான் ஒரு நொடி சும்மா இருந்திருந்தால் மாமா மறுபடி லீவரைப் பிடித்து அவர் கையாலேயே அணைத்திருப்பார். இந்த நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது.

என் கணவர் என்னைத் தாண்டி டிரைவர் பக்கக் கதவு வழியாகக் குதித்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பிரபா அக்கா பார்த்தது அதைத்தான். அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார், பொய் சொல்லவில்லை.

மாமாவை இழுத்து மடியில் போட்டபோது அவருக்கு நினைவு இருந்தது. தம்பியைப் பார்த்து, “வந்துருச்சாடா?” என்று கேட்டார். “வந்துருச்சுங்க மாமா” என்று நான் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அதன் பிறகு இன்று வரை அவர் கண் விழிக்கவில்லை. இடது காலை எடுத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் கணவர், “சீட்டுல இருந்தது நாந்தான். நீ வாயத் தொறக்காத, புள்ளையப் பாத்துக்க” என்றார். தங்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அது பொய். சீட்டில் இருந்தது நான். இன்றைக்கு அவர் மேல் கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறது, நான் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியவில்லை.

குறுக்கே நின்று தடுக்க வந்தவர் மேல் ஏற்றினார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். அவர் தடுக்க வரவில்லை. லாரி இந்த நிலையத்து வாசலில்தான் நிற்கிறது. கிளீனர் பக்க முன் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பாருங்கள். பச்சைக் கரை போட்ட துண்டு லீவரில் இன்னும் சுற்றியே இருக்கும். அதை நீங்கள் எடுக்க வேண்டாம், பிரபா அக்காவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். தினமும் அதைத் துவைத்துப் போடுகிறவர் அவர்தான்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். விட்டுப்போனதும் இல்லை, கூட்டிச் சொன்னதும் இல்லை. எல்லாம் நடந்தபடியே உண்மை.

(ஒப்பம்)
சி. சுகன்யா