நான் சொல்லாத முகவரி

டீ நன்றாக இருக்கிறது மேடம். இஞ்சி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் எங்கள் ஆபீஸ் டீக்கு இது எவ்வளவோ தேவலை. நான் நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்கிற ஏட்டையாவையும் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அவசரத்தில் என் பெயரைத் தைலநாயகி என்று எழுதியிருக்கிறார். தையல்நாயகி.

படுக்கையில் கிடக்கிற பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்புகிற நிறுவனம் எங்களுடையது. முதலாளி காதர் பாட்சா, தங்கமான மனிதர். பணிப்பெண்கள் போக வேண்டிய வீட்டுக்குப் போனார்களா என்று சரிபார்ப்பது என் வேலை. வாசலில் நின்று அவர்கள் போனைத் தட்டினால் என் கம்ப்யூட்டரில், காரைக்கால் வரைபடத்தின் மேல், ஒரு பச்சைப் புள்ளி வரும். பிறகு நான் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசி உறுதி செய்துகொள்வேன். இந்த ஊரில் எந்த வீட்டில் யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் புள்ளி வரவில்லை.

சிவப்ரியா என்று ஒரு கணக்கு டீச்சர். அவள் அம்மா மாரிக்கண்ணுவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். போலகத்தில் மகன் ராஜ்மோகன் வீட்டில் இருந்தவர். நிலத்துக்குக் கைநாட்டு வாங்குவதற்காக அவன் அம்மாவைப் பின்கட்டு அறையில் பூட்டி வைத்தான், மருந்தைக்கூட நிறுத்தினான் என்று மகள் சொன்னாள். ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு என்று அம்மாவை வெளியே கொண்டுவந்தவள் திரும்பவே இல்லை. எங்கேயோ வாடகைக்கு வீடு பிடித்துவிட்டாள்.

"அட்ரஸ் யாருக்கும் தெரியக் கூடாதுங்க பாய். வர்ற பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்று முதலாளியிடம் சொன்னாள்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "நான் யாருகிட்டம்மா சொல்லப் போறேன்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கும் வேணாங்க்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் தப்பாக நினைக்கவில்லை. முதலாளி அந்த வீட்டுக்கு 'மல்லிகை' என்று பெயர் வைத்து வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார். என் திரையில் தினமும் 'மல்லிகை, வந்தாயிற்று' என்று மட்டும் வரும். எந்தத் தெருவில் மணக்கிறது என்று வராது. போய்வருகிற பெண் நுஸ்ரத்திடம், "தையல்நாயகியம்மா போன் பண்ணா, வந்துட்டேன்னு மட்டும் சொல்லும்மா" என்றும் சொல்லி வைத்தார். என் காதுபடவே சொன்னார்.

அதன்பிறகு நான் செய்தது ஒரு விளையாட்டுதான் மேடம். சிலர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுகிறார்கள் இல்லையா, அதுபோல.

நுஸ்ரத் வெள்ளந்தி. அட்ரஸ் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஏன்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டால் போதும்.

"பஸ்ஸ விட்டு எறங்குனாலே கொமட்டுதுக்கா. காலைலயே குடிச்சிட்டு ரோட்டோரமாக் கெடக்குறானுவ. அந்தாண்டேந்து வண்டி கட்டிக்கிட்டு வர்றானுவ."

அந்தாண்டை என்றால் தமிழ்நாடு, நம் பக்கம் சரக்கு மலிவு என்று வருகிறார்கள். ஆக, எல்லையை ஒட்டிய ஊர். இன்னொரு நாள் போனில் மீன்காரரின் குரல் கேட்டது. வெயில் ஏறிய பிறகுதான் மீன் வருகிறது என்றால் கிளிஞ்சல்மேடு மாதிரிக் கடலோரம் இல்லை. மற்றொரு நாள் போனில் கல்யாணப் பாட்டு அலறியது.

"உங்க தெருவுலயா கல்யாணம்?"

"இல்லக்கா, ஆத்துக்கு அந்தாண்ட. அவங்களுக்கு கரண்ட் இருக்கு, எங்களுக்குத்தான் போயிடுச்சு. அம்மாவுக்கு விசிறிக்கிட்டு இருக்கேன்."

ஆறுதான் எல்லை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின்சாரம், இந்தப் பக்கம் நம் மின்சாரம். அப்படியென்றால் ஊர் பூவம். நான் போனை வைத்துவிட்டு ஒரு வடை வாங்கித் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. நாங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற படுக்கை விரிப்பு வெள்ளையில் மெரூன் கரை போட்டது, கடையில் கிடைக்காது. ஒரு மொட்டை மாடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கடையில் சோடா வாங்கி, அந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். ஜன்னல் வழியே சிவப்ரியா அம்மாவுக்குத் தலைவாரிவிடுவது தெரிந்தது. அம்மா மகளின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழகான காட்சிதான். ஆனால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகைக்குப் போயிருந்தபோது ராஜ்மோகன் ஆபீஸுக்கு வந்தான். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். வந்தவருக்கு டீ கொடுப்பது குற்றமில்லை.

"அம்மா எங்கக்கா இருக்காங்க?" என்றான்.

"அட்ரஸ் மட்டும் கேக்காதீங்க தம்பி. நாங்க தலையே போனாலும் சொல்ல மாட்டோம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன். பூவத்தில் இப்போது நல்ல வெயில், ஆற்றங்கரைப் பக்கம் மொட்டை மாடியில் போட்டால் எங்கள் மெரூன் கரை விரிப்புகள் நொடியில் காய்ந்துவிடுகின்றன என்றேன். டீச்சர் வேலைக்குப் போகிற பெண்கள் பகல் முழுக்க வீட்டில் இருக்க முடியாதே என்றும் வருத்தப்பட்டேன். இது முகவரியா மேடம்? கதவு எண் இருக்கிறதா? தெருப் பெயர் இருக்கிறதா? பின்கோடாவது இருக்கிறதா? நிறுவனத்தின் ரகசியத்தை நான் ஒரு எழுத்துகூட மீறவில்லை.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். சிவப்ரியா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அவன் ஆட்களோடு வந்தான். நுஸ்ரத் குறுக்கே நின்றிருக்கிறாள். தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்துபோனது. மாரிக்கண்ணுவைப் போர்வையோடு தூக்கி காரில் போட்டார்கள். மூக்குக் குழாய் வழியிலேயே கழன்றிருக்கிறது. அதைத் திரும்பப் போட யாரும் ஆள் தேடவில்லை. வாயில் கஞ்சியை ஊற்றியிருக்கிறார்கள், அது நுரையீரலுக்குப் போய்விட்டது. அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். குளிப்பாட்டிய பெண்கள் கட்டைவிரலில் மை இருந்தது என்றார்கள். தேய்த்தும் போகவில்லையாம். நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். சிவப்ரியா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்குக்கூடச் சொல்லாம வச்சிருந்தேனேக்கா, எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?" என்று அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

முதலாளியை விட்டால் முகவரி தெரிந்தவள் நுஸ்ரத் ஒருத்திதான் என்று நீங்கள் அவளைப் பிடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. கை உடைந்ததே நாடகம் என்று ஊரே சொல்கிறது. முதலாளியும் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இனி அவளை விட்டுவிடுங்கள் மேடம். அவள் எதுவும் செய்யவில்லை.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ராஜ்மோகன் தானாக ஆபீஸுக்கு வரவில்லை. தேடித் தேடி அலுத்து விட்டுவிட்டிருந்தான். நான்தான் நம்பர் விசாரித்துப் போன் போட்டேன். "வேணாங்க்கா, எங்கயோ நல்லா இருந்தாச் சரி, நெலமும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றான். மறுபடியும் போட்டேன். பெற்ற மகன் அப்படிப் பேசலாமா என்று எடுத்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வந்தான். போன் கம்பெனியில் கேட்டால் தெரிந்துவிடும். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்கிறீர்கள். மனசாட்சி என்றுதான் எழுத வேண்டும். நேற்று மார்க்கெட்டில் எனக்கு முன்னால் போன இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "அந்த நுஸ்ரத்து, பாத்தாப் பூனை மாதிரி இருந்துக்கிட்டு என்னா மூளடி அவளுக்கு! என்னா சாமர்த்தியமா வேல பாத்திருக்கா!"

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மேடம். மூளையாம், அவளுக்கு.