பெட்டியில் வந்த சத்தம்

காலையில் தேநீர் குடிப்பதற்கு முன்பே வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். வயிறு நிறைந்தால் காது மந்தமாகிவிடும் என்பது என் எண்ணம். நீங்கள் கொடுத்த தேநீரை நான் தொடாமல் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, ஐயா. பழக்கதோஷம்.

என் பெயர் ம்பாபு. கென்யாவின் வடக்கே, இந்த மரலாலில் இருபத்தாறு வருடமாக ஜீப் பழுது பார்க்கிறேன். நான் மேரு பக்கத்து ஆள். சம்புரு ஜனங்கள் நடுவில் பட்டறை போட்டு, அவர்கள் வாயால் ஃபுண்டி என்று பெயர் வாங்கினேன். தொழில் தெரிந்தவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். என் பட்டறைக்கு முதலில் வந்தவன் லெசுயாய். மேட்டிலிருந்து பள்ளத்தாக்கின் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஆள் ஏற்றிப்போகும் பச்சை ஜீப் அவனுடையது. என் கல்யாணத்துக்கும் அதில்தான் போனோம், என் மனைவியின் சவப்பெட்டியையும் அதில்தான் கொண்டுபோனோம்.

எங்கள் ஊரில் ஒரு வண்டிக்கு ஒரு ஃபுண்டிதான். நான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டில் குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு ஃபுண்டிக்கும் ஒரு நிறம். அடுத்தவன் நிறத்தின் மேல் யாரும் ஸ்பானர் வைக்க மாட்டார்கள்.

மழைக்கு முன்னால் அந்த ஜீப் சத்தம் போட ஆரம்பித்தது.

"ஃபுண்டி, என் கிழவி முனகுறா. என்னன்னு கேளு" என்றான் லெசுயாய்.

"எப்போ முனகுறா? ஏறும்போதா, இறங்கும்போதா?"

"ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்ததும். உன்னைக் கண்டா வெக்கப்பட்டு வாயை மூடிக்குவா, பாரு."

அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வேகமாக ஓட்டச் சொன்னேன், காலை எடுக்கச் சொன்னேன், லோ கியரில் போட்டு இறக்கத்தில் விடச் சொன்னேன். நீளமான திருப்புளியின் முனையை டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்டேன். என்ஜினின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதற்குள்ளே நடுத்தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொன்னேன். இப்படியே விட்டால் ஒருநாள் இறக்கத்தில் லோ கியரிலிருந்து லிவர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும், என்ஜின் பிடி போய்விடும், பெட்டியைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"முன்பக்கத்துலேருந்து வர்ற மாதிரி இல்ல?" என்றான்.

"கேக்குறது உன் காதா, என் காதா?"

"உன் காதுதான், ராசா. இப்பல்லாம் அதுக்கு நான் கத்த வேண்டியிருக்கே, அதான் கேட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் அவன் பெட்டியை இறக்க வரவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை எண்ணெய் மாற்ற வந்தான். வண்டிக்கு அடியில் படுத்தேன். முன் இழுவைத் தண்டின் முனையில் என் கோடுகள் நான்கும் உடைந்திருந்தன. ஜாயின்ட் புதிதாக இருந்தது. அந்த போல்ட்டுகளில் எந்த நிறமும் இல்லை.

நான் வெளியே வரக் கொஞ்ச நேரமானது. மனைவியைப் புதைத்த அன்றுகூட எனக்கு அத்தனை வலிக்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டது நோய். இது என் சிநேகிதன் தெரிந்தே செய்த காரியம்.

"யாரு கை வெச்சது?"

லெசுயாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். "நன்யூகியில அப்தினூர்னு ஒரு பையன். முன் தண்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டிப் பாத்தான். சத்தம் இல்ல. ஜாயின்ட்தான் போயிருக்குன்னு மாத்திக் குடுத்தான். இப்போ கிழவி கம்முனு இருக்கா. உன் மனசு நோகும்னுதான் சொல்லல, ஃபுண்டி."

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? வயசானா யாருக்கும் கொஞ்சம் தவறும்ப்பா. விடு."

விட்டுவிட்டேன். வண்டியை நிறுத்திவிட்டுப் போ, சாயங்காலம் எடுத்துக்கொள் என்றேன். எண்ணெய் மாற்றினேன். அதன் பிறகு, லிவரைக் கியரில் பிடித்து நிறுத்தும் சின்னச் சுருள்வில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூடியை முடுக்கி மஞ்சள் கோடு இழுத்தேன். அந்தப் பெட்டி எப்படியும் கியரை நழுவ விடத்தான் போகிறது. என்றைக்கோ நடக்கப் போவதை வியாழக்கிழமைக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். பெரிய வேலை இல்லை, ஐயா. பழைய எண்ணெய் வடிகிற நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"கியர் வெண்ணெய் மாதிரி விழுது. ஆயிரம் பேர் வரட்டும், உன் கைராசி யாருக்கு வரும்? ஏறிக்கோ, சந்தையில ஆட்டுக்கறி தின்னுட்டு வரலாம்."

வேலை இருக்கிறது என்றேன். பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்திருந்த நர்ஸ் எனக்குக் கையசைத்தாள். அவர்களில் யாரோடும் எனக்குப் பகை இல்லை. அவர்களையாவது இறக்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். இறக்கினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவன் வேறு ஃபுண்டியைத் தேடிப் போவான்.

நான் எதிர்பார்த்தது வேறு. முதல் வளைவில் லிவர் தெறிக்கும், பயந்துபோய் பிரேக்கை மிதித்து நிறுத்துவான், சக்கரத்துக்குக் கல் வைப்பான். கைப்பிரேக் வேலை செய்கிற வண்டி எங்கள் ஊரில் கிடையாது, எல்லோரும் கல்தான். பிறகு மேடேறி நடந்து வந்து என் முன்னால் நின்று, நீ சொன்னதுதான் சரி என்பான். நான் பெட்டியை இறக்கிப் பிரித்துக் கொடுப்பேன். தேநீர் போட்டு வைத்திருந்தேன். அவன் பிரேக் அத்தனை பலவீனம் என்று எனக்குத் தெரியாது. பிரேக்கைப் பார்க்கச் சொல்லி அவன் என்னிடம் கேட்கவே இல்லை.

மத்தியானம் சேதி வந்தது. எட்டுப் பேரும் பள்ளத்தில்.

சொல்லுங்கள், காதில் விழவில்லை. இந்த மின்விசிறி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஓடவே இல்லையா? சரி.

உங்கள் போலீஸ் நிபுணர் நேற்று அந்தப் பெட்டியை என் கண் முன்னாலேயே பிரித்தார். பேரிங்கில் ஆட்டம் இல்லை, பற்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன, இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும் என்றார். சின்ன வயது அவருக்கு. பிரித்துப் பார்த்துச் சொல்வது யாருக்கும் முடியும்.

எழுதிக்கொள்ளுங்கள். சுருள்வில்லை எடுத்தது நான்தான், யாரும் தூண்டவில்லை, எட்டு உயிருக்கும் நானே பொறுப்பு. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் போட மாட்டேன். இறக்கத்தில் லிவர் தெறிக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். சொன்னபடி தெறித்தது.