கை பட்ட கூடு

— கையை எதுக்கு என் மூக்குகிட்ட நீட்டுறேக்கா?

— மோந்து பாருடி வும்பினி.

— கருவாடு. ஷியாக் கொட்டை வெண்ணெய். சமைச்சுட்டு வர்றியா?

— சமைக்கல, பூசிக்கிட்டேன். முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டு உன் சோளக்கொல்லைக்குப் போயிட்டு வர்றேன்.

— என் கொல்லையில உனக்கென்ன வேலை?

— புத்துக்குப் பின்னாடி புல்லுக்குள்ள கினிக்கோழிக் கூடு இருக்குல்ல? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாக்கும். உன் சேவல்தான் அங்கயே நின்னு தொண்டை கிழியக் கத்துதே.

— ம்.

— என்னடி 'ம்'? கேட்டுக்கோ. அத்தனை முட்டையையும் ஒவ்வொண்ணா எடுத்து, நல்லா உருட்டித் தடவி, திரும்ப அங்கயே வச்சுட்டேன். கை வாசம் பட்ட கூட்டுக்குக் கினிக்கோழி வருமா? நீயே சொல்லு.

— வராது.

— முட்டை எடுக்கணும்னா கை படாம கரண்டியால அள்ளணும். ரெண்டு மூணு மிச்சம் விடணும். போன வருஷம் என் கூட்டுல கையை விட்டு அளைஞ்சப்ப இதெல்லாம் உனக்குத் தெரியும்ல?

— தெரியும்க்கா. தெரிஞ்சுதான் செஞ்சேன்.

— வாய் கூசுதா பாரு! சக்களத்தின்னா இப்படியா? என் கோழிங்க கூட்டை விட்டுட்டுப் போச்சு, ஒரு குஞ்சு பொரிக்கல. பொண்ணு கேட்கக் கொண்டு போக ஒரு கினிக்கோழி இல்லாம, என் மகன் நபாரி வெறுங்கையோட போய் பொண்ணு வீட்டு வாசல்ல நின்னான். அந்தப் பொண்ணு ஸலாமத்தோட மாமன் என்ன சொன்னான் தெரியுமா? கினிக்கோழி வளர்க்கத் துப்பில்லாத வீட்டுக்கு எம் பொண்ணு எதுக்குன்னான்.

— சந்தையில வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?

— வாங்கினது வேணாமாம், வீட்டுல வளர்ந்ததுதான் வேணுமாம். இந்த மழைக்காலம் மட்டும் பொறுக்கறேன், அதுக்குள்ள கொண்டு வரலேன்னா வேற இடம் பார்த்துடுவேன்னு சொல்லிட்டான். பையன் சோறு தண்ணி இல்லாமக் கிடக்கறான். எல்லாம் உன்னால.

— அதுக்கு முன்னால நீ என்ன பண்ணினேன்னு சொல்லலியே.

— நானா?

— தண்ணிப் பஞ்சத்துல ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, நான் யாருக்கும் சொல்லாம ரெண்டு குடம் மொண்டுக்கிட்டேன். கைப்பிள்ளைக்காரி, மொண்டேன். கினிக்கோழிப் பண்டிகை அன்னிக்கு ஊர்ப் பிள்ளைங்க அந்தப் பழங்கதைப்படி கினிக்கோழியைப் பிடிச்சு, 'நபிக்குத் தண்ணி இருந்த இடத்தைச் சொல்லாம மறைச்சல்ல, இனிமே மறைப்பியா'ன்னு இறகைப் பிடுங்கிக்கிட்டு இருந்துச்சுங்க. நீ என்னைக் கை காட்டினே. 'இந்தா ரெண்டு கால் கினிக்கோழி, இதையும் பிடுங்குங்கடா'ன்னே. ஊரே சிரிச்சுது. இன்னிக்கும் தெருவுல என் பேரு அதுதான்.

— விளையாட்டுக்குச் சொன்னதுடி.

— எனக்கு விளையாட்டா இல்லக்கா.

— சரி, இப்பக் கணக்கு நேராயிடுச்சு. உன் கோழிங்க போச்சு. என்னோடதுங்க இனிமேத்தான் முட்டை போடணும், அதை உன் கண்ணுல காட்டாம வளர்த்து நபாரிக்குக் குடுக்கறேன்.

— உன் பொட்டைங்க இன்னும் முட்டை போடலைன்னா சொல்றே?

— தேடாத புதர் இல்ல. ஒரு முட்டையைக் கூடக் காணோம். சோம்பேறிங்க.

— கூட்டுல எம்புட்டு முட்டை இருந்துச்சு?

— குமிஞ்சு கிடந்துச்சு. எதுக்குக் கேட்கறே?

— என்னோடது ரெண்டே பொட்டை. ரெண்டு பொட்டை குமிச்சு வைக்குமா? கினிக்கோழி தனித்தனியாவா முட்டை போடும்? ஒண்ணு போட்ட இடத்துல கூட்டம் மொத்தமும் போய்ப் போடும். கோபத்துல உனக்கு அது மறந்து போச்சு.

— ஏய்... என்னடி சொல்றே?

— மழை பிடிச்ச நாள்லேருந்து உன் பொட்டைங்க தினமும் காலையில என் கொல்லைக்குத்தான் போகுதுங்க. நீ தடவினதுல பெரும்பாலும் உன்னோடதுதான்.

— அடிப்பாவி. என் பிள்ளை கல்யாணம்டி அது. உன்னோடதும்தானே சேர்ந்து போச்சு?

— போகட்டும். நான் யார் வீட்டுக்கும் பொண்ணு கேட்டுப் போகல.

— தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலியே. வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?

— எனக்குக் கினிக்கோழின்னு பேர் வச்சது நீதானேக்கா. எது எங்க இருக்குன்னு கினிக்கோழி என்னிக்குச் சொல்லியிருக்கு?