கரை மேல் கல்யாண ஊர்வலம்

— கம்பளமும் வேணாங்கிறீங்க, நாற்காலியும் வேணாங்கிறீங்க. நாளைக்கு ஊர்வலத்துல வர்ற என் சனம் எங்கதான் உக்காரும், சம்பந்தி?

— உக்காரவே கூடாது சம்பந்தியம்மா. ஆடணும்! அணைக்கரையோட இந்தக் கோடியிலருந்து பேண்டு வாசிச்சுக்கிட்டே கிளம்பும். எல்லாரும் பின்னாடியே ஆடிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போகணும்.

— நல்லா இருக்கே கதை! ஊருக்குள்ள அத்தனை தெரு இருக்கு. நீங்க இப்பக் கொட்டின பச்சை மண்ணு மேலதான் ஆடணுமா? அதுல தண்ணி வேற தெளிக்கச் சொன்னீங்களாம்!

— அட, காத்து நல்லா வருமேன்னுதான்...

— காத்து வரட்டும். எங்க பெரியண்ணன் கட்டாயம் வரணும்னு போன் மேல போன் போட்டீங்களே, அது எதுக்கு?

— நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டேன்.

— நல்ல மனுஷனா, நல்ல கனமான மனுஷனா? மழுப்பாம சொல்லுங்க.

— அட, சொல்லித் தொலைக்கிறேன். ரோலர் வண்டி பழுதாகி நிக்குது. வானம் இருட்டிக்கிட்டு வருது. மண்ணு இறுகறதுக்குள்ள மழை பிடிச்சா கரை பிச்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் கோடையில ஊருக்கே சொட்டுத் தண்ணி கிடையாது. நானும் என் பையனும் கட்டையால இடிச்சு இடிச்சு கை கொப்புளமாப் போச்சு. அப்பதான் உங்க சனம் பஸ் பஸ்ஸா வருதுன்னு சொன்னீங்க...

— அடப்பாவி மனுஷா! என் பொண்ணு கல்யாணத்த மண்ணு மிதிக்கிற வேலையாக்கிட்டீங்களே!

— உங்க வயலும் அந்தத் தண்ணியிலதானே விளையுது, சம்பந்தியம்மா?

— வயல் கிடக்கட்டும். அவ ரோஷக்காரி. காதுல விழுந்துச்சுன்னா கல்யாணமே வேணாம்னுடுவா.

— எனக்கும் அதான் பயம். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, கும்பிடறேன்.

— இனிமே நான் சொல்ல என்ன இருக்கு? உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நிக்கிறா.

— ஐயையோ! நீ எப்பம்மா வந்தே?

— ரோலர் பழுதுன்னு சொன்னீங்களே, அப்பவே வந்துட்டேன் மாமா.

— அம்மாடி, கோச்சுக்காதே. ஊர்வலத்தத் தெருவுலயே விட்டுடலாம். கரை எக்கேடு கெட்டாப் போகட்டும்.

— எதுக்குப் போகணும்? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆடிக்கிட்டே அந்தக் கோடிக்குப் போற சனத்துக்குச் சாப்பாடு எங்க?

— அங்கேயேதாம்மா. பந்தி, கை கழுவற குழாய் எல்லாம் அந்தக் கோடியிலதான்.

— அங்கதான் கோட்டை விட்டீங்க மாமா. ஒரு தடவை மிதிச்சா மண்ணு இறுகிடுமா? குழாய் அங்கேயே இருக்கட்டும், பந்திய இந்தக் கோடிக்கு மாத்துங்க.