ஏழாவது பொட்டலம்

வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஓடுகிறேன்.

கையில் பாலிதீன் பை. பைக்குள் மூன்று பொட்டலங்கள். இன்னும் நான்கு வேண்டும். காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பின்னால் மைக் கட்டிய ஆட்டோ வருகிறது. அதன் சத்தம் சந்துச் சுவர்களில் மோதி இரண்டிரண்டாகக் கேட்கிறது.

"தபால்ல வெள்ளைப் பொடி வந்திருந்தா யாரும் தொடாதீங்க! மோந்து பாக்காதீங்க! கொட்டாதீங்க!"

தொட்டாயிற்று. மோந்தாயிற்று. பூசியாயிற்று. என் வீட்டில் தின்றும் ஆயிற்று.

பகவதி மதினி வீட்டுக் கதவை முழங்கையால் இடிக்கிறேன். "மதினி! நான் தந்த துண்ணூறைப் பூசாதிய! கை வைக்காதிய! அப்படியே வைங்க!"

கதவு திறக்கிறது. மதினி நிற்கிறாள். நெற்றியில் பட்டை பட்டையாக மூன்று கோடு. காலையில் குளித்துவிட்டுப் பூசியிருக்கிறாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் காந்திமதி. வயது ஐம்பத்து நான்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியை. திருநெல்வேலி டவுணில், கீழ ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. வீட்டில் மூன்று பேர். என் கணவர் சங்கரன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் கோமதி, வளைகாப்பு முடிந்து வந்திருந்தாள். ஏழாம் மாதம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரங்கள் சரியானவை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோட்டில் குறிக்கத் தொடங்கியவை.

நோட்டு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வந்து போன பிறகு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பேரிடர்ப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து ஒரு பை தயார் செய்தேன். டார்ச், சோப்பு, முகக்கவசம், மாத்திரை, கனத்த பாலிதீன் பைகள், ஒரு நோட்டு, பேனா. இவர் சிரித்தார். "டீச்சரம்மா தாமிரபரணிக்கே பாடம் எடுக்கப் போறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பயிற்சியின் கடைசி அரை மணி நேரம் நோய்க்கிருமித் தாக்குதல் பற்றி. அறியாத பொடி, அறியாத பார்சல். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதிக் கண் மூடித்தான் கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஆபத்து ஆற்றில் வருவது. தபாலில் வரும் என்று யார் கண்டார்கள்?

செவ்வாய்க்கிழமை வந்தது. காலை பத்து நாற்பது. கோமதியை டாக்டரிடம் கூட்டிப்போக லீவு போட்டிருந்தேன். தபால்காரர் மணி அடித்தார். பழுப்பு உறை. என் பெயர் தட்டச்சில். அனுப்புநர் இடம் காலி. காலி என்பதைப் பார்த்தேன். பார்த்தும் என்ன? சுகப்பிரசவத்துக்கென்று ஒரு கோவிலுக்கு அர்ச்சனைக்கு எழுதியிருந்தேன். பிரசாதம் தபாலில் வரும் என்றிருந்தார்கள். தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கத்தரிக்கோலால் உறையை நறுக்கினேன். மடித்த வெள்ளைத் தாள். உள்ளே வெள்ளைப் பொடி. குங்குமம் இல்லை. பூ இல்லை.

"குங்குமம் வைக்க மறந்துட்டானுவ போல" என்றார் இவர். மோந்து பார்த்தார். வாசம் இல்லை என்றார். இருந்தும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜை அறையில் கோமதி நின்றாள். இவர் அவள் நெற்றியில் பூசினார். இடது கையால் அவள் கண்ணை மறைத்தார். பிறகு ஊதிவிட்டார். திருநீறு பூசிவிடுகிற எல்லோரும் செய்வதுதான். பிள்ளையின் கண்ணில் விழக் கூடாது. ஊதிய பொடி பறந்து இவர் முகத்துக்கே வந்தது. ஆனி மாதக் காற்று ஜன்னல் வழியாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை தும்மினார். இரட்டைத் தும்மல், நல்ல சகுனம் என்றேன். சொன்னது நான்தான். மூவரும் சிரித்தோம்.

ஒரு சிட்டிகை எடுத்துக் கோமதியின் வாயில் போடப் போனார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம்ப்பா. எதைத் தின்னாலும் எதுக்களிக்கி." அவள் பங்கையும் சேர்த்து இவரே வாயில் போட்டுக்கொண்டார். நான் நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டேன். மெல்லிசாக.

பிரசாதத்தை நாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. நாலு பேருக்குக் கொடுத்தால்தான் மனசு நிறையும். நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களை ஆணியில் குத்தி வைத்திருப்பேன். ஏழு தாள் இருந்தது. ஏழு பொட்டலம் மடித்தேன். மாலை ஆறு மணிக்குள் ஏழும் கைமாறிவிட்டது.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழன் மாலை இவருக்கு இருமல். உடம்பு காய்ந்தது. சாரல் காற்று என்றேன். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கோமதி நெற்றியைச் சொறிந்துகொண்டே இருந்தாள். சின்னப் பரு. கொசு கடித்திருக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

வெள்ளி, ஒன்பது பத்து. இவருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தேன். தபால்காரர் மறுபடி மணி அடித்தார். இன்னொரு உறை. கோவில் முத்திரை. உள்ளே திருநீறு, குங்குமம், காய்ந்த அரளி இதழ், கோமதியின் நட்சத்திரம் எழுதிய ரசீது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது பிரசாதம். அப்படியானால் செவ்வாய்க்கிழமை வந்தது?

ஒன்பதரை. ரத வீதிப் பக்கமிருந்து மைக் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஊரில் ஓர் அலுவலகத்துக்கு இதே மாதிரி உறை வந்திருக்கிறது. பிரித்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்.

அரைத் தூக்கத்தில் கேட்ட பயிற்சி எங்கிருந்தோ வந்தது. மின்விசிறியை நிறுத்தினேன். மிச்சப் பொடி இருந்த தட்டின் மேல் ஒரு போணிப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். பூஜை அறைக் கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். துணி இரண்டு முறை கீழே விழுந்தது.

இவர் வண்டிச் சாவியோடு நிற்கிறார். மூச்சு வாங்குகிறது. "ஏளா, கிளம்பு. குறுக்குத்துறைக்குப் போயி மூணு பேரும் ஒரு முங்கு போட்டுட்டு வந்துருவோம். எல்லாம் போயிரும்."

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் ஆறு. கிரகணம் விட்டால் ஆறு. எந்தத் தீட்டானாலும் முங்கி எழுந்து, கட்டிய துணியை ஆற்றோடு விடுவதுதான் எங்களுக்குத் தெரியும். நானும் ஒரு நிமிடம் செருப்பை மாட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். ஆற்றில் இறங்கிவிட்டால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. பிறகு, துறைக்குக் கீழே துவைக்கிறவர்கள், குளிக்கிற பிள்ளைகள், அங்கே நாங்கள் விடப்போகும் துணிகள் நினைவுக்கு வந்தன. வாசலை மறித்துக்கொண்டு கத்தினேன். "ஆத்துக்குப் போவக் கூடாது! வாசலைத் தாண்டாதிய!"

இருபத்தொன்பது வருடத்தில் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. பயந்துபோய்ச் சாவியைக் கீழே போட்டார்.

பின்கட்டில் குளித்தோம். சோப்பு, தண்ணீர், மறுபடி சோப்பு. போட்டிருந்த துணி, செவ்வாய்க்கிழமைத் துணி, எல்லாவற்றையும் பாலிதீன் பையில் போட்டுக் கட்டினேன். ஒன்பது ஐம்பதுக்கு 108-க்குப் பேசினேன். வீட்டை விட்டு யாரும் வெளியே போகாதீர்கள் என்றார்கள். சரி என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன்.

அது தவறு. போனிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது. பிரசாதம் என்று நீட்டியதை விஷம் என்று எந்த வாயால் சொல்வது? கையில் வாங்கிவிட வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது.

பத்து முப்பத்தைந்து. சந்து முனையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள். முகம் தெரியவில்லை. சுகாதார ஆய்வாளர் முன்னால் வந்து கத்துகிறார். "எம்மா, நில்லுங்க! அங்கனயே நில்லுங்க! கிட்ட வராதீங்க! பைய கீழ வைங்க... மெதுவா!"

வைத்தேன். எண்ணிச் சொன்னேன். ஆறு.

"மொத்தம் எத்தனை குடுத்தீங்க?"

ஏழு.

"ஏழாவது யாருக்கும்மா?"

வாய் திறந்தேன். பெயர் வரவில்லை. பகவதி மதினி, எதிர் வீடு, மாடி வீடு, பள்ளிக்கூடத்து டீச்சர், ஜோசியர் வீடு, முக்கு வீடு. ஆறு. விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். ஆறுதான் வந்தது. தாள் ஏழு இருந்தது நிச்சயம். ஒரு தாள்கூட மிச்சமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. தனித்தனி அறை. பொட்டலம் வாங்கிய ஆறு வீட்டாரையும் கொண்டுவந்தார்கள். டாக்டர் காயல்பட்டினத்துக்காரப் பெண், சின்ன வயது. சுற்றி வளைக்காமல் சொன்னார். இது அடைப்பான், ஆந்த்ராக்ஸ். ஆடு மாட்டுக்கு வருகிற கிருமி. யாரோ பொடியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. மாத்திரை அறுபது நாள். சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் பிழைப்பார்கள். "அந்த ஏழாவது ஆளைச் சீக்கிரம் நெனச்சுப் பாருங்க, டீச்சர். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு."

நினைத்தேன். நினைக்க நினைக்க மண்டைக்குள் வெறும் இரைச்சல். பக்கத்து அறையில் இவர் இருமுகிற சத்தம். இரும்பு வாளியை உருட்டுகிற மாதிரி. எண்ணினேன். ஒரு நிமிடத்துக்குப் பதினொன்று. போனில் கேட்டேன், நீங்கள் யாருக்காவது கொடுத்தீர்களா என்று. "நான் குடுக்கலியே, காந்தி." மூச்சு விட்டார். "புள்ளைக்கு எப்படி இருக்கு?" அதுதான் அவரிடமிருந்து நான் கடைசியாகக் கேட்டது. சனி பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குத் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். இருமல் நின்றது. அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

வெளியே ஊர் என்னென்னவோ பேசியது. ஆற்றில் கலந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. கேன் தண்ணீருக்கு அடிதடி. எங்கள் சந்தில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, மதினி வீட்டுப் பசுவுக்குத் தண்ணீர் காட்டக்கூட ஆள் வரவில்லையாம்.

கோமதியின் நெற்றிப் பரு கறுத்துவிட்டது. வலிக்கவில்லை என்றாள். வலிக்காததுதான் அந்தப் புண்ணின் குணமாம். வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று மணிக்கொரு தரம் போனில் கேட்டேன். "அசையுதும்மா. சும்மா சும்மா கேக்காத, பயமா இருக்கு."

ஞாயிறு, பதினொன்றரை. அவளே கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். சடை சிக்கு விழுந்துவிட்டதாம். "தலையில பூ வச்சே அஞ்சு நாளாச்சும்மா" என்றாள்.

நான் சொல்வதற்குள் அவள் அலறினாள். "யம்மா! பூக்காரக்கா!"

செவ்வாய் மாலை ஐந்து மணி. வாசலில் கூடையை இறக்கிவைத்து முழம் போட்டாள். மகன் தூத்துக்குடிக்கு வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறான் என்றாள். "கும்பிட்டுட்டு ஏதாச்சும் குடுங்கக்கா" என்று கேட்டாள். கேட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான். உள்ளே போய் ஒரு பொட்டலம் எடுத்து வந்து கூடையில் போட்டேன்.

சுகாதார ஆய்வாளர் போனில் கேட்டார். "பேரு?" தெரியாது. பூக்காரக்கா. "வீடு?" ஆற்றுக்கு அந்தப் பக்கம். "எத்தனை வருஷமா தெரியும்?" பதினொரு வருஷம். அவர் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மைக் ஆட்டோவை ஆற்றைத் தாண்டி விட்டார்கள். "டவுணுக்குப் பூ கொண்டு போற அம்மா யாரு? உடனே தெரிவிங்க!" தெருத் தெருவாக. மூன்று இருபதுக்குக் கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். பக்கத்தில் ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். மகனுக்குக் கொடுப்பதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்துத் தன் நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டிருக்கிறாள். மிச்சத்தை மடித்து மகனின் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறாள். அவன் பிரிக்கவே இல்லை. தூத்துக்குடியில் அவனைப் பிடித்து மாத்திரை கொடுத்தார்கள்.

படிக்கிறவர்களுக்கு. பையில் சோப்பும் முகக்கவசமும் வையுங்கள். நல்லது. அனுப்பியவர் யாரென்று தெரியாத உறையை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாதீர்கள். தெரியாத பொடியைச் சாமி பெயரால்கூட நம்பாதீர்கள். ஓடாதீர்கள், போனில் சொல்லுங்கள். யார் வந்தார்கள், யாரிடம் எதைக் கொடுத்தீர்கள் என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். வாசலோடு வந்து போகிறவர்களையும் எழுதுங்கள். அவர்கள் பெயரைக் கேட்டு வையுங்கள்.

அனுப்பியது யார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இனி கணக்கு.

எரித்தவை: பூஜை அறைப் படங்கள் எல்லாம். இரண்டு மெத்தை. கோமதியின் வளைகாப்புப் பட்டு. இவருடைய வேட்டி சட்டை அனைத்தும், மோந்து பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை. போனவை: பகவதி மதினியின் பசு. சந்தில் நான்கு குடித்தனங்கள், வீட்டைக் காலி செய்துகொண்டு. மதினியின் நெற்றியில் ஒரு தழும்பு, கோமதியின் நெற்றியில் ஒன்று. பேத்தி பிறந்தாள், இரண்டரைக் கிலோ. அவளை இழப்பில் சேர்க்க முடியாது. ஆனால் அவளுக்குத் தாத்தா இல்லை.

இறந்தவர்கள் இரண்டு பேர்.

சங்கரன். வயது அறுபத்தொன்று. திங்கள், காலை ஏழு மணி பத்து நிமிடம்.

பேச்சியம்மாள். வயது நாற்பத்தெட்டு. செவ்வாய், மாலை ஐந்து மணி. பெயரும் வயதும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். வெள்ளி காலை ஒன்பதரையிலிருந்து ஞாயிறு காலை பதினொன்றரை வரை, ஐம்பது மணி நேரம், அவளை நான் மறந்திருந்தேன்.